பலகையில் 1740

மாசசூசெட்ஸில் நாங்கள் வாங்கிய பண்ணை வீட்டு வாசலில் '1740' என்று ஒரு மரப்பலகை தொங்கியது. விற்றவர் அதைக் காட்டிக் காட்டியே விலையை ஏற்றினார். முதல் குளிர்காலத்தில் பனிக்கு நடுவே வேலை எதுவும் ஓடாமல், வீடு உண்மையிலேயே அந்த ஆண்டு கட்டியதுதானா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

நம்மூரில் வில்லங்கம் போட்டு, தாய்ப்பத்திரம் தேடுவோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். இங்கே பத்திரப் பதிவகத்தில் இரண்டு அட்டவணைகள் உண்டு: விற்றவர் பெயருக்கு ஒன்று, வாங்கியவர் பெயருக்கு ஒன்று. எனக்கு விற்றவரின் பெயரை வாங்கியவர் அட்டவணையில் தேடினால் அவருக்கு யார் விற்றார் என்று கிடைக்கும். அப்படியே பின்னால் போக வேண்டியதுதான். எங்கள் பகுதியான தெற்கு மிடில்செக்ஸில் 1649 முதல் பதிவுகள் இருக்கின்றன. பழைய புத்தகங்களை இணையத்திலேயே படமாகப் பார்க்கலாம். என்ன, பழைய கையெழுத்தில் 's' பல இடங்களில் 'f' மாதிரி இருக்கும். எல்லைகள் இன்னும் வேடிக்கை: வெள்ளை ஓக் மரத்திலிருந்து கற்குவியல் வரை 20 ராட். ஒரு ராட் பதினாறரை அடி. மரம் எப்போதோ போய்விட்டது.

1868 வரை சுலபமாகப் போனேன். அங்கே முட்டிக்கொண்டது. அந்த ஆண்டு விற்றவர் அதை யாரிடம் வாங்கினார் என்பதற்குப் பத்திரமே இல்லை. பெயரை எப்படி எப்படியோ மாற்றி எழுதி மூன்று வாரம் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது: அப்பா சொத்து பிள்ளைக்கு வந்தால் கிரயப் பத்திரம் ஏது?

இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைப் பார்க்கும் புரோபேட் நீதிமன்றக் கோப்பில் அந்த அப்பா கிடைத்தார். மாடுகள், ஏர்க்கலப்பை, தேவாலயத்தில் விலை கொடுத்து வாங்கிய இருக்கையில் பாதி என்று வீட்டுச் சாமான் பட்டியலே பல பக்கம். அதற்குப் பின்னால் இருந்த தாளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைய சட்டப்படி கணவனின் நிலபுலனில் மூன்றில் ஒரு பங்கை விதவை ஆயுள் வரை அனுபவிக்கலாம். நீதிமன்றம் அனுப்பிய மூன்று பேர் வந்து வீட்டையே பிரித்திருக்கிறார்கள். கிழக்கு முன்னறையும் அதன் மேலறையும் அம்மாவுக்கு. நிலவறையில் ஒரு பகுதி. கிணற்றில் தண்ணீர் எடுக்க, அடுப்பில் ரொட்டி சுட, சமையலறை வழியாக நடந்துபோக உரிமை. எத்தனையோ வருஷம் அவர் சமைத்த சமையலறை! எங்கள் சாப்பாட்டு மேசை இப்போது அந்தக் கிழக்கு அறையில்தான் கிடக்கிறது.

அதன் பிறகு சங்கிலி மறுபடி ஓடியது. 1740இல் ஒரு பத்திரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் விற்றது மேய்ச்சல் நிலம். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அதன்மேல் உள்ள கட்டடங்களுடன்' என்ற வரி முதன்முதலில் 1791 பத்திரத்தில்தான் வருகிறது. பலகை எழுதியவர் ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு மீதியைப் படிக்கவில்லை போல. மச்சுப் பலகைகளில் கையால் அடித்த இரும்பாணிகளைத் தச்சர் காட்டினார். 1800 வாக்கில் இயந்திரத்தில் வெட்டிய ஆணிகள் பரவுவதற்கு முந்தைய வழக்கம் அது. அதுவும் 1791உடன் ஒத்துப்போகிறது, அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

ஆக, இரண்டுக்கும் நடுவே ஐம்பது வருஷத்தில் என்றைக்கோ கட்டிய வீடு. அதை ஒரு பலகையில் எப்படி எழுதுவது என்று புரியாமல், பலகை இப்போது கார் கொட்டகையில் கிடக்கிறது.