காது இருக்கிறதா என்று பாருங்கள்: பழைய ஜாஸ் தட்டுகளின் விலை

ஜாஸ் என்ற பெயரோடு முதன்முதலில் கடைக்கு வந்த இசைத்தட்டு, 1917இல் விக்டர் நிறுவனம் வெளியிட்ட ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டினுடையது. நூறு வயதைத் தாண்டிவிட்ட அந்தத் தட்டு வெளிவந்த காலத்திலேயே அமோகமாக விற்றதால், இன்றும் பெரிய செலவில்லாமல் கிடைக்கிறது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1923இல், இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டில் இருந்த ஜெனெட் நிறுவனம் கிங் ஆலிவர் குழுவைப் பதிவு செய்தது. இளம் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்ற ஊதுகருவி வாசித்த குழு அது. பதிவறைக்கு அருகிலேயே ரயில் பாதை ஓடியதால், வண்டி கடந்து போகும்வரை வாசிப்பை நிறுத்தி வைப்பார்களாம். அந்த வரிசையில் 5275 என்ற எண்ணுள்ள தட்டுக்கு இன்று உலகில் ஒரே ஒரு பிரதிதான் இருப்பதாகச் சேகரிப்பாளர்கள் அறிந்திருக்கிறார்கள். பழசு என்றாலே விலை அதிகம் என்று நம்பி வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டு தட்டுகளைப் பற்றித்தான்.

ஒரு தட்டு அரிதாக வேண்டுமானால் முதலிலேயே குறைவாக விற்றிருக்க வேண்டும், இல்லையேல் விற்றவை அழிந்திருக்க வேண்டும்; நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளான 78களுக்கு இரண்டுமே நேர்ந்தன. 1927இல் அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள், பெருமந்தம் நாட்டை முடக்கிப் போட்டிருந்த 1932இல் சுமார் 60 லட்சமாகச் சுருங்கின. அதனால்தான் 1920களின் தட்டு எளிதாகக் கிடைக்கும் அதே கலைஞரின் 1932ஆம் ஆண்டுத் தட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. அடுத்த அடி 1942இல் விழுந்தது. தட்டுக்கு மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறிய சரக்கு. போரினால் கடல்வழி ஆபத்தாகிவிட, இசைத்தட்டுக்குச் செலவாகும் அரக்கை அமெரிக்க அரசு 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டுகளைத் திரட்டி, உடைத்து, அரைத்துப் புதிய தட்டுகள் செய்தார்கள். அப்படி எவையெவை அரைபட்டன என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனாலும் என் ஈடுபாடு 78களைவிட 1950களின் எல்பி எனப்படும் நீண்ட நேரம் ஓடும் தட்டுகளில், அதிலும் ப்ளூ நோட் நிறுவனத்தின் தட்டுகளில்தான். பெர்லினிலிருந்து வந்த ஆல்ஃபிரட் லயன் 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. அலுவலகம் நியூயார்க்கில் இருந்தாலும் தட்டுகள் உருவான இடம் நான் வசிக்கும் நியூ ஜெர்சி. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் 1959 வரை ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலும், பிறகு எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தாமே கட்டிய கூடத்திலும் பதிவு செய்தார். தட்டு அடித்த பிளாஸ்டிலைட் ஆலை இருந்த நார்த் பிளெயின்ஃபீல்ட், தமிழர்கள் நிறைந்த எடிசனிலிருந்து அதிகத் தொலைவில்லை.

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1957 செப்டம்பரில் பதிவு செய்த 'ப்ளூ டிரெயின்' தட்டை எடுத்துக்கொள்வோம். எண் 1577. நன்றாக விற்ற தட்டு என்பதால் அதே எண்ணிலும் அதே அட்டையிலும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது முதல் அச்சா, 1966க்குப் பிந்தையதா என்பதை அட்டையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டை வெளியே எடுத்து மேசை விளக்கின் அடியில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முதலில் லேபிளின் ஓரத்தில் உள்ள முகவரியைப் படியுங்கள். முதல் அச்சில் '47 வெஸ்ட் 63ர்ட், என்.ஒய்.சி.' என்று இருக்கும். 1962 வாக்கில் தெருப்பெயர் போய் 'நியூயார்க், யு.எஸ்.ஏ.' என்றாகிவிட்டது. முகவரி சரியாக இருந்தாலும், நிறுவனப் பெயரை ஒட்டி 'இன்க்.' என்ற சொல்லோ வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்தோ தெரிந்தால் அது 1959 அல்லது அதற்குப் பிந்தைய அச்சு. அடுத்து, லேபிளின் மேல் விரல் நுனியால் தடவினால் ஒரு வட்டப் பள்ளம் தட்டுப்பட வேண்டும்; அந்தக் கால அச்சுத் தகடு விட்டுச்சென்ற தடம் அது. கடைசியாக, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள். வான் கெல்டரின் ஆர்.வி.ஜி. முத்திரையும், சற்றுத் தள்ளி மனிதக் காதைப் போல வளைந்த ஒரு சிறு கீறலும் இருக்கும். பிளாஸ்டிலைட்டின் முதலெழுத்தான பி தான் அந்தக் கீறல். சேகரிப்பாளர்கள் எல்லோரும் அதைக் 'காது' என்றே சொல்கிறோம்.

எனக்கு எல்லா அடையாளங்களிலும் அதிக நம்பிக்கை இந்தக் காதின் மேல்தான். லிபர்ட்டி நிறுவனம் ப்ளூ நோட்டை வாங்கியபோது, அச்சடித்து மிச்சமிருந்த லேபிள்களும் அட்டைகளும் சேர்ந்தே கைமாறின. எதையும் வீணாக்காமல் புதிய ஆலைகளில் அடித்த தட்டுகளுக்கு அவற்றையே பயன்படுத்தினார்கள். பழைய உலோக அச்சுகளிலிருந்தே அடித்ததால் வான் கெல்டரின் முத்திரைகூடப் பல தட்டுகளில் அப்படியே விழுந்திருக்கும். பிளாஸ்டிலைட் ஆலை கைவிடப்பட்டதால் 1966க்குப் பின் காது மட்டும்தான் இல்லை. விற்பவர் 'ஒரிஜினல் லேபிள், ஆர்.வி.ஜி.' என்று பெருமையாக எழுதிவிட்டுக் காதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், வெற்று வளையத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் அச்சு 'ப்ளூ டிரெயின்' நல்ல நிலையில் இருந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். இத்தனைக்கும் அது கண்ணில் படாத தட்டு அல்ல; கேட்பவர்கள் அதிகம் என்பதால் வந்த விலை. அதே 1957இல் பதிவான, இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் மோப்லியின் 1568 எண் தட்டின் கதை வேறு. அன்று அதை வாங்கியவர்கள் சொற்பம். இன்று அது ஏலத்தில் 10,000 டாலரைத் தாண்டி விற்றிருக்கிறது. மோப்லி அருமையான கலைஞர் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தொகையில் பெரும்பகுதி இசைக்கானதல்ல, வரிசையில் ஒரு எண் விடுபட்டிருப்பதைப் பொறுக்க முடியாதவர்கள் தங்களுக்குள் போட்டியிட்டு ஏற்றியது என்றே நினைக்கிறேன்.

அரிய தட்டானாலும் கீறல் விழுந்திருந்தால் விலை படுத்துவிடும். பழைய தட்டுச் சந்தையின் தரப்படுத்தலில் 'நியர் மிண்ட்', அதாவது ஏறக்குறையப் புதிது போன்ற தட்டின் விலையில் ஏறக்குறையப் பாதிதான் 'விஜி பிளஸ்' (வெரி குட் பிளஸ்) தட்டுக்கு; 'விஜி' (வெரி குட்) என்றால் கால் பங்கு. கண்ணுக்குத் தெரியும் கீறலைவிட எனக்குப் பயம் தேய்மானத்தின் மேல்தான். 1950களின் கனமான பிக்கப்புகள், அதாவது ஊசி பொருத்திய தலைகள், பாட்டு பதிந்த பள்ளங்களை உழுதுவிட்டிருக்கும். தட்டு பளபளவென்று இருக்கும், சாக்ஸபோன் உச்சத்துக்கு ஏறும்போது மட்டும் கரகரக்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மயிரிழைக் கோடுகள் மண்டியிருந்தால், பல பேர் பல நாள் ஓட்டிய தட்டு என்று பொருள். 78 தட்டு வாங்குபவர்கள் ஆல்கஹால் கலந்த திரவத்தால் அதைத் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

விலையைப் பொறுத்தவரை, விற்பவர் கேட்கும் தொகையை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை; கேட்பதற்குக் காசா பணமா? பழைய ஏலங்கள் முடிந்த விலைகள் பாப்சைக் தளத்திலும், விற்றுப்போன பிரதிகளின் விலைகள் டிஸ்காக்ஸ் தளத்திலும் கிடைக்கின்றன. அங்கும் பிந்தைய அச்சுகளை முதல் அச்சு என்று பதிந்து வைத்திருப்பவர்கள் உண்டு. படத்தைப் பார்க்காமல் சராசரியை நம்ப வேண்டாம்.

கேட்பதற்காக மட்டும் வாங்கும்போது நான் தேடுவது, காது இல்லாமல் வான் கெல்டரின் முத்திரை மட்டும் உள்ள லிபர்ட்டி காலத்துத் தட்டுகளைத்தான். அதே உலோக அச்சு, அதே ஒலி. விலை முதல் அச்சில் ஒரு சிறு பங்கு. அதுவும் கிடைக்காதபோது ஜப்பானில் கிங் நிறுவனம் அடித்த மறுபதிப்புகளை வாங்குகிறேன். ஊதுகருவிகளின் கூர்மை சற்று மழுங்கியிருந்தாலும், அவற்றின் பரப்பில் இரைச்சல் என்பது அநேகமாக இருக்காது.