பதிலாள் வரும்வரை

ஜூன் 3

இடமாற்றக் கடிதம் இன்னும் வரவில்லை. பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் இடத்தையே சொன்னார்: நெடுந்தீவு, கடல் தாண்டிப் படகில் போகவேண்டிய தீவு. பட்டியலைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.

இன்றும் 12ஆம் வகுப்பு உயிரியலையும் கலைப்பிரிவையும் சேர்த்து மண்டபத்தில் இருத்தினார்கள். பொது ஆங்கிலம் என்றால் எப்போதும் இப்படித்தான். பின்வாங்கில் மடியில் ரியூசனில் கொடுத்த இரசாயனவியல் ரியூட், மேசையில் என்னுடைய தாள். கேட்டால், "மிஸ், இது இசட் ஸ்கோருக்கு வராதுதானே?"

வராதுதான். பொய் சொல்ல முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற அந்தப் புள்ளி மூன்று பாடங்களுக்குத்தான். ஆனால் அந்த மூன்றிலும் நல்லாய்ச் செய்து மருத்துவபீடத்துக்குள் போகிற பிள்ளைக்கு முதல் விரிவுரையே ஆங்கிலத்தில்தான். பொறியியலும் அப்படித்தான். பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு அங்கே போய் முழிப்பதை ஒவ்வொரு வருடமும் பழைய மாணவர்கள் வந்து சொல்கிறார்கள். இதைச் சொன்னேன். ரியூட் மடியிலிருந்து பைக்குள் போனது. பத்து நிமிடத்தில் திரும்ப மடிக்கு வந்தது.

ஜூன் 5

ரியூசனில் கொடுத்த சொற்பட்டியல் ஒன்று வகுப்பு முழுக்கச் சுற்றுகிறது. போட்டோகொப்பியின் போட்டோகொப்பி, பாதி எழுத்து கரைந்துவிட்டது. ஆயிரம் சொற்கள், ஏ-யில் தொடங்கி அகரவரிசையில். இதனால் என் பிள்ளைகள் எல்லாருக்கும் ஏ-யில் தொடங்கும் சொற்கள் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். சி-யைத் தாண்டியவர் அரிது. இஸட் வரை போனவரை நான் இன்னும் காணவில்லை.

தெரியும் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். அடப்ற், அடொப்ற் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. பிள்ளை இரண்டையும் ஒரே இரவில் பாடமாக்குகிறது. காலையில் கேட்டால் ஒன்றின் கருத்தை மற்றதற்குச் சொல்கிறது. ஒரே சாயலில் இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் குழம்பாமல் என்ன செய்யும்? அகரவரிசை தேடுகிறவனுக்கு உதவும். படிக்கிறவனுக்கு அல்ல.

பட்டியலைப் பறிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியது, பறித்தால் வீட்டிலிருந்து ஆள் வரும்.

ஜூன் 8

அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "நெடுந்தீவுக்கோ பிள்ளை? சோளகக் காத்துக்குக் கடல் குழம்பிக் கிடக்குமே." இன்னும் கடிதம் வரவில்லை அம்மா என்றேன். "கடிதம் வாறதுக்கு முந்திப் பாக்கவேண்டிய ஆக்களைப் பாக்கவேணும்" என்றா. எனக்கு அப்படி ஆட்கள் இல்லை.

ஜூன் 9

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு பற்றி நானே ஆங்கிலத்தில் எழுதிய பந்தி. 240 சொற்கள். அதை 80 சொல்லில் சுருக்க வேண்டும், மூன்றிலொரு பங்கு. சுருக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யச் சொன்னேன்: தெரியாத சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போடுங்கோ, வெட்கப்படாதேங்கோ, பெயர் எழுத வேண்டாம்.

வீட்டில் இருந்து எண்ணினேன். பெரும்பாலான தாள்களில் இருபதுக்கு மேல். சிலதில் முப்பதையும் தாண்டியது.

2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். பிறர் உதவியில்லாமல் ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். என் பந்தி 240 சொல் என்றால் ஐந்து. இவர்களுக்கு இருபத்தைந்து!

இத்தனை வருடமாக ஆசிரியர் அறையில் நாங்கள் பேசுவது, "பிள்ளையள் சமறி எழுதச் சொன்னா பந்தியை அப்படியே பாத்து எழுதுதுகள், சோம்பல்" என்று. சோம்பல் இல்லை. விளங்காத ஒன்றை எப்படிச் சுருக்குவது? எது முக்கியம், எது சும்மா உதாரணம் என்று பிரிக்க முதலில் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரிய வேண்டுமே. தெரியாதபோது இருப்பதை அப்படியே எழுதிவைப்பதுதான் புத்திசாலித்தனம். நானும் அதைத்தான் செய்வேன். மின்சாரசபைக் கடிதம் சிங்களத்தில் வந்தால் நான் செய்வது என்ன? கடிதத்தை அப்படியே படமெடுத்து, தெரிந்தவருக்கு அனுப்புகிறேன்.

பந்தியைத் திரும்ப எழுத வேண்டும். கடினமான சொற்களில் ஆறோ ஏழோ போதும், அவையும் திரும்பத் திரும்ப வரட்டும்.

ஜூன் 10

போசன் பௌர்ணமி. பள்ளிக்கூடம் இல்லை. கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் முதல் பழம். காற்று கூரையைத் தூக்குகிற மாதிரி அடிக்கிறது. பந்தியை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

ஜூன் 12

நெடுந்தீவு இல்லையாம். அனலைதீவாம்.

ஜூன் 16

மீண்டும் நெடுந்தீவாம். சரி.

இன்று ஒரு தாளைப் பற்றி எழுத வேண்டும். பின்வாங்கில் இருக்கிற உயரமான பெடியன், உரும்பிராய்ப் பக்கம், வீட்டில் தோட்டம். வகுப்பில் வாய் திறக்கமாட்டான். அவனுடைய சமறி சரியாக 80 சொல். எப்படித் தெரியும் என்றால் ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிலால் ஒரு புள்ளி. பத்தாவது புள்ளி வரும் இடமெல்லாம் சின்னக் கோடு. அவ்வளவு கவனம்.

பந்தியின் முதல் வசனத்தை எழுதியிருக்கிறான். இரண்டாவதை விட்டிருக்கிறான். மூன்றாவதை எழுதியிருக்கிறான், அதில் இரண்டு சொல்லை வெட்டியிருக்கிறான். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று நான் அடுக்கியதை நாலும் நாலாகவே அடுக்கியிருக்கிறான். எண்பதாவது சொல் வந்ததும் பேனையை மூடிவிட்டான். கடைசிப் பகுதியில் இருந்து ஒரு சொல்லும் இல்லை. பந்தியின் சாரமே அங்கேதான் இருக்கிறது: பரப்பில் நன்னீர், ஆழத்தில் உப்பு நீர், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும்.

1983இல் பிரவுண், டே என்ற இரண்டு பெண்கள் பிள்ளைகள் எப்படிச் சுருக்குகிறார்கள் என்று ஆராய்ந்தபோது கண்டதும் இதேதான். இள வயதுக்காரர் வசனம் வசனமாகப் போகிறார்கள், ஒவ்வொன்றிலும் எழுதுவதா விடுவதா என்று தீர்மானிக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. தேர்ந்தவர்கள் நாலு பொருளுக்கு ஒரு பொதுப்பெயர் போடுகிறார்கள். பந்திக்கு ஒரு தலைமை வசனம் தேடுகிறார்கள், கிடைக்காவிட்டால் தாங்களே ஒன்றை ஆக்குகிறார்கள். அந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் கடினம். அதற்குச் சொந்தச் சொல் வேண்டும். இவனிடம் கவனம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. சொல்தான் இல்லை.

முன்வாங்குக் கண்ணாடிக்காரி நாலு பயிரையும் ஒரே சொல்லில் 'குறொப்ஸ்' என்று முடித்துவிட்டாள். பிறகு மிச்சமிருந்த இடத்தில் தண்ணீரின் பெருமை பற்றித் தன் சொந்தக் கருத்து இரண்டு வசனம். அதையும் வெட்டச் சொல்ல வேண்டும். அழுவாள்.

ஜூன் 17

அட்டைகள் தொடங்கியாயிற்று. லைற்னர் என்பவர் 1972இல் ஜெர்மன் மொழியில் எழுதிய முறை. ஒரு பெட்டி, உள்ளே அறைகள். புதுச் சொல் முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், பிழைத்தால் திரும்ப முதல் அறைக்கு. முதல் அறையை அடிக்கடி பார்க்க வேண்டும், மேலே போகப்போக இடைவெளி கூடும். மறக்கத் தொடங்குகிற நேரத்தில் திரும்பச் சந்திப்பதுதான் சூட்சுமம்.

பெட்டிக்கு எங்கே போவது? மலிபன் பிஸ்கற் டின், சப்பாத்துப் பெட்டி, ஒருத்தி சாம்பிராணிப் பெட்டி கொண்டுவந்தாள், வகுப்பு முழுக்க மணம். அட்டைக்குப் பழைய கல்யாணக் கார்ட். முன்பக்கம் சொல், பின்பக்கம் அந்தச் சொல் வந்த வசனம். வெறும் கருத்து எழுதக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். எங்கே சந்தித்தது என்று தெரியாத சொல் தங்காது.

கிழமைக்குப் பத்துச் சொல். கொக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த கல்விசார் சொற்பட்டியலிலிருந்து எடுக்கிறேன். அதில் 570 சொற்குடும்பங்கள் உண்டு, ஒரே வேரிலிருந்து வருகிறவை ஒரு குடும்பம். பல்கலைக்கழகப் பாடநூல், ஆய்வுக் கட்டுரை என்று எதை எடுத்தாலும் பத்துச் சொல்லில் ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கும். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு இதைவிட வேறு முதுசம் வேண்டாம். கணக்குப் பார்த்தால் 57 கிழமை. லீவையும் சேர்த்தால் ஒன்றரை வருடம்.

ஒன்றரை வருடம் யார் தருவார்?

ஜூன் 23

வந்துவிட்டது. நெடுந்தீவு. கடைசி வரி: பதிலாள் கடமையேற்றதும் விடுவிக்கவும்.

ஜூன் 24

ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி. "பதிலாள் வராது, ஆங்கிலத்துக்கு எங்கே ஆள் இருக்கு, நீங்கள் இங்கேதான்" என்கிறது ஒன்று. "வரும், நாளைக்கே வரும், பையைக் கட்டுங்கோ" என்கிறது மற்றது. அங்கே இருந்துவந்த சேர் ஒருவர் சமாதானமாகச் சொன்னார்: கிழமை நாட்களில் அங்கேயே தங்கவேணும், வெள்ளிக்கிழமை படகு, குறிகட்டுவானில் இறங்கினால் பஸ் நிற்கும், கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு உண்டு, பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். எல்லாம் உண்மையாக இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கில ரீச்சர் வேண்டும்தானே. அது தெரியாமலா இருக்கிறேன். இருந்தும் டின்கள் கண்ணுக்குள் நிற்கின்றன.

அம்மா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. கடலோடு கோபம், என்னில் காட்டுகிறா.

ஜூன் 30

நல்ல நாள்.

புதுப் பந்தியைக் கொடுத்து, வாசிக்க வைத்து, தாளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் சொல்லுங்கோ, இரண்டே வசனம், பேனை தொடக்கூடாது. ஆங்கிலப் பாடத்தில் தமிழா என்று முகம் சுளிக்கிற மேற்பார்வையாளர்கள் உண்டு. முந்தி ஒருவர் என் பாடக்குறிப்பில் சிவப்பு மையால் எழுதியும் வைத்தார். எழுதட்டும். தாளைக் கவிழ்த்தவுடன் பார்த்தெழுத ஒன்றும் இல்லை, மனதில் நிற்பது மட்டும்தான் மிச்சம். மனதில் நிற்பது எந்த மொழியில் நின்றால் என்ன.

உயரமான பெடியன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கூட்டாளிக்குச் சொல்கிறான்: "மேல நல்ல தண்ணி, கீழ உப்பு. மோட்டர் போட்டு விடாம இறைச்சா உப்பு மேல வந்திடும். எங்கட கிணத்திலயும் உதுதான் நடந்தது." பிறகு என்னைக் கண்டு வாயை மூடிவிட்டான்.

அதை எழுது என்றேன். அவன் எழுதியது: 'பிரெஷ் வோட்டர் இஸ் அபவ், சோல்ற் வோட்டர் இஸ் பிலோ. இஃப் வீ எக்ஸ்ட்ராக்ட் ரூ மச், சோல்ற் கம்ஸ் அப்.' பதினாறு சொல். எக்ஸ்ட்ராக்ட் போன கிழமை அட்டை. எழுதிவிட்டு, மிச்சம் அறுபத்துநாலுக்கு என்ன செய்வது மிஸ் என்று கேட்கிறான். இனிக் காரணத்தைச் சேர், பிறகு யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை என்பதைச் சேர் என்றேன். சுருக்குவதை விட்டுவிட்டு வளர்த்துக்கொண்டு போனான். எனக்கு அதுவே போதும். இரண்டு முனையாலும் எண்பதுக்கு வரலாம்.

ஜூலை 2

காய்ச்சல். மல்லித்தண்ணி. ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 5

பொது நூலகத்துக்குப் போனேன். சும்மா ஒரு சொல்லைப் பார்க்கப் போய் வின்சிலோவின் தமிழ்-ஆங்கில அகராதியில் மாட்டிக்கொண்டேன். 1862இல் சென்னையில் அச்சானது, 67,000 சொற்களுக்கு மேல். தொடங்கியது அவர் இல்லை. நல்லூரில் இருந்த ஜோசப் நைற் பாதிரியார் சொற்களைச் சேர்க்கத் தொடங்கி, முடிக்காமலே இறந்துபோனார். பிறகு கை மாறி, கை மாறி, கடைசியில் வின்சிலோவிடம் வந்தது. பதிலாள் வந்தால்தான் விடுவிப்போம் என்று நைற்றிடம் ஒருவரும் சொல்லவில்லைப் போல.

ஜூலை 8

பதிலாள் கிடைத்துவிட்டார் என்று கல்விப் பணிமனையிலிருந்து தொலைபேசி. பின்னேரம் இன்னொரு தொலைபேசி: அவர் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டாராம். அம்மா தேங்காய் உடைத்தா. பாவம் அந்த மனிசி, உண்மையிலேயே வருத்தமோ என்னவோ.

அதிபர் எதற்கும் ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைக்கச் சொன்னார். "ஒரு பக்கம் போதும் ரீச்சர்." இரவு பத்து மணி, ஐந்தாவது பக்கத்தில் நிற்கிறேன். கண்ணாடிக்காரியிடம் சொந்தக் கருத்தை வெட்டச் சொல்லும் முன் ஒரு நல்ல சொல் சொல்லுங்கள் என்பதை எப்படி விடுவது? உயரமான பெடியனை எழுப்பிக் கேள்வி கேட்கவேண்டாம், பக்கத்தில் போய் நின்றால் போதும் என்பதை? அகரவரிசைப் பட்டியலைக் கண்டால் சண்டை பிடிக்கவேண்டாம், தானாகக் கிழியும் என்பதை?

ஜூலை 9

காற்று. படகு ஓடவில்லையாம்.

ஜூலை 10

இன்னொரு பெயர் அடிபடுகிறது, வவுனியாப் பக்கமாம். விசாரிக்கவில்லை. நாளைக்கு இரண்டு பாடவேளை, மூன்றாம் அறைச் சொற்களைச் சோதிக்க வேண்டும். பாதிப் பேர் டின்னை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். மேலதிகமாகக் கொஞ்சம் கார்ட் வெட்டி வைக்க வேண்டும், கத்தரிக்கோலை அம்மா எங்கேயோ