கிளெம்சிக், காஸா, மறுபடியும் கிளெம்சிக்

அடிலெய்டுக்கு வந்த புதிதில் வாடகை ஒப்பந்தத்தில் எங்கள் பேட்டையின் பெயரைப் பார்த்துவிட்டு, ஏதோ போலந்துப் பெயர் போலிருக்கிறதே என்று நினைத்தேன். முழுத் தப்பும் இல்லை. பெயரைத் தந்த பழைய கிளெம்சிக் அன்று பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசில் இருந்தது. இன்று போலந்துக்குள் இருக்கிறது.

பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் லூத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கி, எல்லோருக்கும் ஒரே வழிபாட்டு முறை என்றார். பழைய முறையை விட மனமில்லாதவர்களைப் பாதிரியார் ஆகுஸ்ட் காவல் கப்பலேற்றிக் கூட்டி வந்தார். கப்பல் செலவுக்கு லண்டன் வணிகர் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் கடன் கொடுத்தார். 1838 நவம்பரில் வந்து இறங்கியவர்கள் டோரன்ஸ் ஆற்றங்கரையில் குடியேறி, விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே 'ஸீப்ரா' கப்பலில் இன்னொரு கூட்டம் வந்தது. கேப்டன் ஹான் ஆட்களை இறக்கினோம், வேலை முடிந்தது என்று போகவில்லை. நிலக்காரர்களிடம் தானே பேசி மலைமேல் இடம் பிடித்துக் கொடுத்தார். ஹான்டார்ஃப் என்றால் ஹானின் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் காய்கறியும் வெண்ணெயும் சுமந்துகொண்டு இரவோடு இரவாக முப்பது கிலோமீட்டர் போல நடந்து அடிலெய்டு சந்தைக்கு வருவார்களாம். ஊருக்கு வெளியே ஓடையில் காலைக் கழுவி, அதுவரை கையில் வைத்திருந்த செருப்பைப் போட்டுக்கொள்வார்களாம். திரும்பும்போது ஆளுக்கு இரண்டு செங்கல், ஊரில் கோயில் கட்ட. செங்கல் கதை எவ்வளவு நிஜமோ. செருப்புக் கதையை நான் அப்படியே நம்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் 'காஸா' என்று ஒரு விளையாட்டுக் கிளப் உண்டு. பலகையை முதலில் பார்த்தபோது பாலஸ்தீனத்துக்கும் இந்தத் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பினேன். முதல் உலகப் போர் நடக்கும்போது, 1917-இல், சட்டம் போட்டு 69 ஜெர்மன் ஊர்ப்பெயர்களை அழித்தார்கள். கிளெம்சிக்குக்குப் பிரிட்டிஷ் படை சண்டையிட்ட காஸாவின் பெயர் வந்தது. ஹான்டார்ஃப், ஆம்பிள்சைட் ஆனது. அதே ஆண்டு 49 லூத்தரன் பள்ளிகளையும் மூடினார்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே உழுதவர்கள் ஒரே நாளில் எதிரிகள்! 1935-இல் இந்த இரண்டு ஊருக்கும் பழைய பெயர் திரும்பி வந்தது. கிளப் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

பெயரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மொழியை யார் கொடுப்பது? பக்கத்து வீட்டுப் பாட்டி பரோஸா பள்ளத்தாக்கில் தனுண்டாவில் பிறந்து வளர்ந்தவர். 1861-இல் தொடங்கிய ஆண்கள் பாடகர் குழு அந்த ஊரில் இன்னும் ஜெர்மனில் பாடுகிறது. பாட்டிக்கோ ஜெர்மனில் வருவது சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம் ஒன்றுதான். "கொம், ஹெர் யேசு" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் முடிப்பார். எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அது தெரியாது. ஆனா யாராவது மாத்திச் சொன்னா எனக்கு உடனே தெரிஞ்சிடும்" என்றார்.

போன கோடையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தார். சிறு காய்களை முழுசாக உப்புத் தண்ணீரில் போட்டு, சதகுப்பைத் தழையோடு திராட்சை இலையும் வைக்கிறார். இலை இருந்தால் காய் கொழகொழக்காதாம். உண்மைதான், கடித்தால் சத்தம் கேட்கிறது.

வெறும் ஜாடியைத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கமில்லையே. ஆவக்காய் நிரப்பிக் கொடுத்தேன். ஜாடி இன்னும் திரும்பி வரவில்லை.