ஆன்போ நாட்குறிப்பு: மழையும் அடிக்கட்டைகளும்

ஜூன் 8

ஜப்பானின் யாகுஷிமா தீவு, ஆன்போ ஊர். மழை. நாளை மலையடிவாரத்துக்குப் போகும் அரகாவா பேருந்து ஓடுமா என்று கேட்டால் எல்லோரும் வானத்தைக் காட்டுகிறார்கள்.

ஜூன் 9

ஓடவில்லை. மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டிக்கு அங்கே அனுமதி கிடையாது. ஆகவே பேருந்து இல்லையென்றால், பார்க்க வந்த பழம்பெரும் சுகி (ஜப்பானிய தேவதாரு) மரமான ஜோமோன் சுகியும் இல்லை. சீட்டை முந்தைய நாளே வாங்கிவிட வேண்டும். மலைப் பராமரிப்புக்கென்று தனியாக 1,000 யென், மலையில் இரவு தங்கினால் 2,000.

பொழுதைக் கழிக்க யாகுசுகி (இந்தத் தீவின் முதிய சுகி) அருங்காட்சியகம். 2005 டிசம்பரில் பனிச்சுமை தாங்காமல் முறிந்த ஜோமோன் சுகியின் கிளையை அங்கே வைத்திருக்கிறார்கள். கிளைதான், ஆனால் பருமனில் பல ஊர்களின் அடிமரம் தோற்றுப்போகும். ஆண்டு வளையங்கள் அவ்வளவு நெருக்கம். எண்ணத் தொடங்கினால் சீக்கிரமே இரண்டு வளையம் ஒன்றாகிவிடுகிறது. கருங்கல் தீவு, மேலே கொஞ்சம் மண், அதிலிருக்கும் சத்தையும் மழை அடித்துப் போய்விடுகிறது. பட்டினியில் மெல்ல வளர்வதால்தான் வைரம் பாய்கிறது, பிசினும் ஏறுகிறது. ஆயிரம் வயதைத் தொடாத சுகியை இங்கே யாகுசுகிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஜூன் 10

ஷிராதானி உன்சுய்க்யோ, பாசி படர்ந்த பள்ளத்தாக்குக் காடு. ஓடை பெருகினால் கடக்கும் இடங்களை அடைத்துவிடுவார்கள். இன்று பாதிப் பாதை மட்டும். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாதபோது கண் தானாகத் தரைக்கு, அடிக்கட்டைகளுக்குப் போகிறது.

ஏன் இவ்வளவு உயரத்தில் வெட்டியிருக்கிறார்கள்? தரையோடு வெட்டிய பழைய கட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் ஆள் உயரம், அதற்கும் மேல். வேர் புடைத்துப் பிரியும் அடிப்பகுதியில் நார் முறுக்கிக்கொண்டு போகும், நேராகப் பிளக்காது. எடோ காலத்தில் (17–19-ஆம் நூற்றாண்டு) இங்கே மரத்தை உத்தரமாக இறக்கவில்லை. கூரை வேயும் சிறு பலகைகளாகக் காட்டிலேயே பிளந்து, கட்டி, முதுகில் சுமந்து இறக்கினார்கள். தீவை ஆண்ட சத்சுமா ஆட்சிக்கு வரியே அந்தப் பலகைதான். பிளக்காத அடிமரம் யாருக்கு வேண்டும்? பரண் கட்டி ஏறி, நார் நேராகும் இடத்தில் கோடரியை வைத்தார்கள்.

ஜூன் 11

காலணி இன்னும் காயவில்லை. உள்ளே திணித்த செய்தித்தாளை இரண்டு மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும்; ஒரே தாளை இரவு முழுக்க விட்டால் ஈரம் அங்கேயே நிற்கும். அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப்போகும். பல வருடம் அலமாரியில் கிடந்த காலணி என்றால் இன்னும் மோசம்: நடு அடியிலுள்ள பாலியூரித்தேன் ஈரத்தில் நொறுங்கி, பாதி வழியில் அடி தனியே கழன்றுவிடும்.

நாளை ஓடுமாம்.

ஜூன் 12, இரவு

ஓடியது. போக வர 22 கிலோமீட்டர், பத்து மணி நேரம்.

முதல் எட்டு கிலோமீட்டர் சொச்சம் மரம் இறக்கிய சிறு ரயிலின் தண்டவாளம். ஏற்றம் தெரியாது, கால் மட்டும் சலிக்கும். ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளி எந்த மனித நடைக்கும் ஒத்துவராது. நனைந்த இரும்பில் கால் வைக்கவே கூடாது. இந்தப் பகுதியில் மழைக்கோட்டைவிடக் குடை மேல்; கோட்டுக்குள் வியர்த்து நனைவதும் நனைவதுதான். வழியிலுள்ள கொசுகிதானி, மரம் வெட்டுவோர் குடியிருந்த ஊர். அங்கே 1960-ல் 540 பேர் இருந்தார்கள். 1970-ல் ஊரையே மூடிவிட்டார்கள்.

தண்டவாளம் விட்டு மலைப்பாதை தொடங்கும் ஒகாபு நுழைவாயிலைக் காலை 10 மணிக்குள் கடக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும். கடைசிக் கழிப்பறையும் அங்கேதான். அதற்கு மேல் கூடாரம் மட்டும். கழிவுப் பையைக் கையோடு கொண்டுபோய்க் கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். பிறகு படிகளும் வேர்களும், ஒரே செங்குத்து.

வில்சன் அடிக்கட்டை: சுற்றளவு 13.8 மீட்டர். அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் ஆணைப்படி கியோத்தோ ஹோகோஜி கோயிலுக்காக 1586-ல் வெட்டியது என்று சொல்கிறார்கள். 1914-ல் வந்த தாவரவியலாளர் எர்னஸ்ட் வில்சனின் பெயர். உள்ளே சிறு சன்னிதி, தரையில் ஊற்று நீர் ஓடுகிறது. வலப்பக்க மூலையில் குனிந்து மேலே பார்த்தால் திறப்பு இதய வடிவில் தெரியும். அந்தப் படத்துக்குத்தான் வரிசை. வரிசையில் நிற்கும் எவரும் கட்டையின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பார்ப்பதில்லை. எரிச்சலாக இருந்தது.

ஜோமோன் சுகி: உயரம் 25.3, சுற்றளவு 16.4 மீட்டர். கூட்டம் மிதித்து, மழை மண்ணை அரித்து, வேர் வெளியே வந்ததால் 1996 முதல் மேடையிலிருந்து மட்டுமே பார்க்கலாம். உடலெங்கும் முண்டு, முடிச்சு. ஒரு பலகைகூட நேராக எடுக்க முடியாது. அதனால்தான் நிற்கிறது. நேராக, நல்ல நாரோடு வளர்ந்ததெல்லாம் வழிநெடுக வெட்டுண்டு நிற்கும் கட்டைகள்.

ஜூன் 13

வயது. 2,170 என்றும் 7,200 என்றும் இரண்டு எண்கள். முதலாவது உள்ளிருந்து எடுத்த மரத்துண்டின் கார்பன் கணக்கு. ஆனால் நடுப்பகுதி பொந்து, மிகப் பழைய மரம் அங்கே இல்லை. இரண்டாவது சுற்றளவை வைத்துப் போட்டது. அருகருகே முளைத்தவை ஒட்டி வளரும் காட்டில் சுற்றளவை எப்படி நம்புவது?

2010-ல் விழுந்த இன்னொரு முதிய மரமான ஒகினா சுகியும் உள்ளே பொந்துதான்.

ஜூன் 14

சில உயிருள்ள மரங்களிலும் வெட்டுக்காயம் இருக்கிறது. நார் நேராகப் பிளக்குமா என்று வெட்டிப் பார்த்துவிட்டுப் போன இடம். மரம் ஓரங்களிலிருந்து அதை மூடிக்கொண்டு வருகிறது, உதடு போல. காயத்தின் மேல் விளிம்பில் தண்ணீர் தேங்காது; கீழ் விளிம்பில்தான் பாசியும்…

மழை விட்டிருக்கிறது. சாலையோரம் நிற்கும் முதிய மரமான கிகென் சுகிக்குப் போகும் பேருந்து இப்போதே.