கணக்குக் கொப்பி தொலைந்த காணொளியிலிருந்து ஓர் அருவிவெட்டுப் பாட்டு

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள எங்கள் வயலில், காலபோக அறுவடையின் கடைசி நாளன்று, இயந்திரம் திரும்ப முடியாத ஒரு மூலையை மட்டும் அரிவாளால் வெட்டினார்கள். பெரியய்யா அருவிவெட்டுப் பாட்டைத் தொடங்க, நெடுங்கேணியிலிருந்தும் முத்தையன்கட்டிலிருந்தும் வந்திருந்த மூன்று முதியவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். அக்காவின் மகன் அதைத் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தான். மின்கலம் 20 வீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துபோகும் பழைய கருவி அது. அன்றும் பாட்டின் நடுவில் அப்படியே அணைந்தது. மறுபடி பாடும்படி கேட்டபோது, கையில் கதிர் இல்லாமல் வெறும் வாயால் பாட வராது என்று பெரியய்யா சொல்லிவிட்டார். அந்த நால்வரையும் மீண்டும் ஒரே வயலில் கூட்டுவதற்கு இன்னொரு காலபோகம் வரவேண்டும். எனவே படம் போனாலும் போகட்டும், குரலையாவது எடுத்துவிடுவோம் என்று நான் முனைந்தேன்.

தொலைபேசியின் படத்தொகுப்பில் அந்தக் காணொளி தென்படவே இல்லை. ஆனால் கேபிள் மூலம் மடிக்கணினியில் இணைத்துத் தேடியபோது, 2.8 ஜிபி அளவுள்ள ஒரு எம்பி4 கோப்பு இருந்தது. அந்த அளவைக் கண்டதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது. பதிவு எழுதப்படாமல் போயிருந்தால் கோப்பு இத்தனை பெரிதாக இருந்திருக்காது. முதல் வேலையாக அதை வெளி வன்தட்டில் நகலெடுத்து, மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் கைவைத்தேன். நான் சரியாகச் செய்த முதற்காரியமும், அன்றைய நிலையில் ஒரே காரியமும் அதுதான்.

அடுத்துச் செய்தவை எல்லாம் வீண். காணொளிகளை ஓட்டிப் பார்க்கும் விஎல்சி மென்பொருள், கோப்பைத் திறந்த மாத்திரத்தில் நின்றுவிட்டது. அதற்குள் இருக்கும் பழுதுபார்க்கும் வசதி ஏவிஐ வகைக் கோப்புகளுக்கே உரியது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். யாரோ சொன்னதைக் கேட்டுக் கோப்பின் பெயரின் இறுதியில் எம்பி3 என்று மாற்றிப் பார்த்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சாக்கின் மேல் எழுதியிருக்கும் பெயரை மாற்றினால் உள்ளே கிடக்கும் உழுந்து பயறாகிவிடாது. இணையத்தில் ஒலியைப் பிரித்துத் தரும் ஒரு தளத்துக்கு ஓர் இரவு முழுவதும் பதிவேற்றியதில், கோப்பு பாதி வழியில் அறுந்து, அந்த மாதத்து டேட்டாவும் முடிந்ததுதான் மிச்சம்.

பிறகுதான் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். சாதாரணமான ஒரு காணொளியிலிருந்து ஒலியை எடுக்க அதில் ஒரு வரிக் கட்டளை போதும். படத்தை விட்டுவிடு, ஒலியை மறுபடி சுருக்காமல் உள்ளபடியே நகலெடு என்று இரண்டு குறிப்புகளைக் கொடுத்தால், சில நொடிகளில் ஒலி தனிக் கோப்பாக வந்துவிடும். என் கோப்புக்கோ 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அந்த வரியின் பொருளை விளங்கிக்கொண்ட பிறகே என் வேலை நேர்வழிக்கு வந்தது.

பதிவு நடக்கும்போது தொலைபேசி, படத்தின் துண்டுகளையும் ஒலியின் துண்டுகளையும் மாறிமாறி எழுதிக்கொண்டே போகிறது. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, அதன் நீளம் எவ்வளவு, அது படமா ஒலியா என்ற கணக்கு முழுவதையும், பதிவை நிறுத்தும் வேளையில்தான் 'மூவ்' என்ற பகுதியாகக் கோப்பின் இறுதியில் எழுதுகிறது. எங்கள் தொலைபேசி அந்தக் கணக்கை எழுதுவதற்கு முன்பே அணைந்துவிட்டது. களஞ்சியத்தில் மூட்டைகள் எல்லாம் இருக்கின்றன, எது எவருடையது என்று எழுதிவைக்கும் கொப்பி மட்டும் இல்லை என்ற நிலை அது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் பயன்படும் டிஎஸ் வகையாக இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. அதில் ஒவ்வொரு சிறு பொட்டலமும் தன் அடையாளத்தைத் தானே சுமந்து செல்வதால், நடுவில் அறுந்தாலும் மிஞ்சியதைப் படிக்கலாம். எம்பி4 கோப்பில் ஏஏசி என்ற முறையில் சுருக்கப்பட்ட ஒலித்துண்டுகளுக்கு அத்தகைய தலைப்புகள் கிடையாது. ஆகவே கணக்கு இல்லாமல் அவற்றைப் படத்துண்டுகளுக்கு இடையிலிருந்து பிரித்தறிவது கடினம்.

இந்த நிலைக்கென்றே அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பழுதான கோப்பையும், அதே கருவியில் அதே அமைப்பில் பதிவான நல்ல கோப்பு ஒன்றையும் கொடுத்தால், நல்லதைப் பார்த்துப் பழுதானதற்கு அது புதிதாகக் கணக்கு எழுதித் தருகிறது. அக்காவின் மகன் வவுனியாவுக்குத் திரும்பிவிட்டிருந்ததால், பொறுமையின்றி அதே நிறுவனத்தின் வேறொரு மாடலான என் தொலைபேசியில் சிறு காணொளி ஒன்றை எடுத்து, அதையே மாதிரியாகக் கொடுத்தேன். படம் முழுவதும் பச்சையும் சாம்பலுமான கட்டங்களாக வந்தது. ஒலி வந்தது, நான் துள்ளிக் குதித்து, அதைப் பெரியய்யாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இது என்ர குரல் இல்லை, செத்துப்போன அண்ணையின்ர குரல் மாதிரிக் கிடக்கு" என்றார்.

அவருடைய காது பிழை சொல்லவில்லை. என் தொலைபேசி நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற வீதத்தில் ஒலியைப் பதிகிறது; மருமகனுடையது 48,000 என்ற வீதத்தில் பதிகிறது. அன்ட்ரங்க் என் கோப்பைப் பார்த்து 44,100 என்றே எழுதிவிட்டதால், குரல் ஏறக்குறைய 8 வீதம் மெதுவாகவும் கனமாகவும் ஒலித்ததோடு, பாட்டு 24 நிமிடங்கள் வரை நீண்டிருந்தது. வீதத்தை மட்டும் ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 48,000 என்று மாற்றியிருந்தாலே குரல் சரியாகியிருக்கும். ஆனால் இடையிடையே ஒலி விட்டுவிட்டுப் போனதைப் பார்த்து, மாதிரிக் கோப்பே பொருந்தவில்லை என்று முடிவெடுத்தேன்.

மருமகனை அழைத்து, அன்று வைத்திருந்த அதே 1080 படத்தர அமைப்பில், அதே தொலைபேசியில், இரண்டு நிமிடக் காணொளி ஒன்றை எடுத்து அனுப்பச் சொன்னேன். அவன் முதலில் அதை வாட்ஸ்அப்பில் காணொளியாகவே அனுப்பினான். அப்படி அனுப்பினால் அது வழியிலேயே மீண்டும் சுருக்கப்பட்டுவிடும் என்பதால், மாதிரியாக அது உதவாது. பிறகு ஆவணமாக அனுப்பியதைக் கொடுத்தபோது, கால் மணி நேரத்தில் கோப்பு திறந்தது. படம் அங்கங்கே உடைந்திருந்தாலும் ஒலி 22 நிமிடங்கள் சீராக ஓடியது. முன்பு மறுத்த அதே எஃப்எஃப்எம்பெக் கட்டளை, இம்முறை அந்த 2.8 ஜிபியிலிருந்து 21 எம்பி அளவுள்ள ஒலிக்கோப்பைப் பிரித்துத் தந்தது.

அதை ஓடாசிட்டியில் திறப்பதற்கு விண்டோஸில் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் சேர்த்து நிறுவவேண்டியிருந்தது. காற்றின் அடித்தொனியைக் குறைக்க 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டினேன். இரைச்சல் நீக்கும் வசதியைச் சற்றுக் கூட்டியதும் பின்பாட்டுக்காரரின் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிட்டதால், அதை உடனே விட்டுவிட்டேன். மயில் அகவுவதும் வரம்பில் யாரோ தேநீருக்குக் கூப்பிடுவதும் அப்படியே இருக்கின்றன. பிரித்தெடுத்தபடியே திருத்தாத எம்4ஏ ஒலிக்கோப்பை வெளி வன்தட்டிலும், திருத்திய எம்பி3 வடிவத்தைப் பாடிய நால்வருக்கும் பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

பதிவு ஒரு வரியின் பாதியில் அறுகிறது. மிச்ச வரியைப் பெரியய்யா பாடாமல், சொல்லாகச் சொல்லித் தந்தார். அதை ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து, அந்தக் கோப்பின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.