எக்ஸாஸ்ட் வால்வு ஒருவழியாக மூடியது

மூன்று வாரமாகத் தூங்கவிடாத, என் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு (எரிந்த புகையை வெளியே விடுவது) நேற்று ராத்திரி சரியாக உட்கார்ந்துவிட்டது. போர்ட்டில், அதாவது வால்வுக்குப் பின்னால் இருக்கும் புகைவழியில், பெட்ரோல் ஊற்றி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை!

வண்டி, அப்பா சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டப் போன அதே ஹோண்டா ஈஎக்ஸ்5. போர் (சிலிண்டர் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 49.5 மி.மீ., 97 சிசி. போரைத் தொடாமல், வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டில் மட்டும் வேலை செய்து எவ்வளவு பவர் எடுக்கலாம் என்று பார்க்கிறேன். போர்ட்டிங், அதாவது ஹெட்டின் காற்று, புகை வழிகளைக் குடைந்து சீராக்குவது, ஒரு வாரத்தில் முடிந்தது. காற்றும் பெட்ரோலும் நுழையும் இன்டேக் வழியை 80 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டேன். கண்ணாடி போல ஆக்கினால் பெட்ரோல் சுவரில் ஒட்டி வழியும். எக்ஸாஸ்டை மட்டும் மெருகேற்றினேன்.

பாடாய்ப் படுத்தியது சீட்டுதான், வால்வு மூடும்போது வந்து உட்காரும் வளையம். 30, 45, 60 மூன்று கோணமும் வெட்டி, அரைக்கும் பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டில் தேய்த்தேன். கசிந்தது. மறுபடி தேய்த்தேன், மறுபடி கசிவு. நான்காம் முறை வால்வு முகத்திலேயே பள்ளம் விழுந்து, அந்த வால்வு போயே போச்சு.

பக்கத்துப் பட்டறை அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கைட ஆட்டிப் பாத்தியா?"

கைடு என்பது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய். ஆட்டினால் தண்டு நன்றாகவே ஆடியது. சீட்டு வெட்டும் கட்டரின் நடுத்தண்டும் கைடுக்குள்தான் நிற்கிறது. கைடு தேய்ந்திருந்தால் சீட்டு வட்டம் நடுவை விட்டு விலகிவிடும், எத்தனை நாள் தேய்த்தாலும் அது திரும்பாது. சீட்டில் மார்க்கர் மை பூசி, புது வால்வைச் சுற்றாமல் அழுத்தி எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும்தான் மை ஒட்டியிருந்தது.

சரி என்று புது கைடை ஐஸ்பெட்டியில் வைத்து, கழுவிய ஹெட்டை அம்மாவின் கேக் ஓவனில் 130 டிகிரிக்குச் சூடாக்கி இறக்கினேன். ரீமர் ஓட்டிக் கைடுத் துளையை அளவாக்கி, சீட்டைப் புதிதாக வெட்டினேன். இந்த முறை அகலம் 1.2 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் சீட்டு வழியாகத்தான் இறங்குகிறது. காற்றோட்டத்துக்கு ஆசைப்பட்டுச் சீட்டை மெலிதாக்கினால் வால்வு எரிந்துவிடும்.

போர்ட்டிங்குக்குக் குடையும் பிட் வாங்குகிறவர்கள் அலுமினிய ஹெட்டுக்கு அகலப் பல் உள்ளதையே கேளுங்கள். நான் முதலில் வாங்கிய நெருக்கமான பல் பிட் ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொண்டது, 40 வெள்ளி வீண். அகலப் பல் பிட் ஈப்போவில்தான் கிடைத்தது. மண்ணெண்ணெய் தொட்டு ஓட்டினால் இன்னும் சுத்தமாக வெட்டுகிறது.

இன்டேக் வால்வை இனிமேல்தான் தேய்க்க வேண்டும். அதன் கைடையும் ஆட்டிப் பார்த்துவிட்டேன், இறுக்கமாக இருக்கிறது. அப்புறம் ஊசிக்குழாயால் சேம்பர் (பெட்ரோல் எரியும் அறை) கொள்ளளவை அளந்து, ஹெட்டை 0.3 மி.மீ. சீவலாமா என்று கணக்குப் போட வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.