ஆண் பூனைக்கு மூத்திர அடைப்பு: ஆன்டிபயாட்டிக் சுற்றிலிருந்து வெளியே வந்த வழி

ஆண் பூனை ட்ரேயில் ஏறி ஏறி உட்கார்ந்து முக்குகிறது, மண் நனையவில்லை, அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள். முழுசாக அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள், வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

அடைப்பை எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு, ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது என்று அல்லாடுகிறவர்களுக்குத்தான் இது. எங்கள் வீட்டு ஆள் கருத்தடை செய்த ஆண் பூனை, கொஞ்சம் குண்டு, ஃபிளாட்டை விட்டு வெளியே போகாதவன். இப்போது ஒழுங்காக ஒன்றுக்குப் போகிறான். நடுவில் வீணான பணமும் பெட்ரோலும் அநேகமாக ஒரே காரணத்தால்தான்: இது என்ன வகைப் பிரச்சினை என்று கண்டுபிடிக்காமலேயே மருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு சீட்டிலும் ‘யூடிஐ’, அதாவது மூத்திரப் பாதையில் கிருமித் தொற்று என்று இருக்கும், கீழே ஒரு ஆன்டிபயாட்டிக். பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பூனைக்கு நீர்க்கடுப்பு வந்தால் அதில் கிருமித் தொற்று மிகக் குறைவு, நூற்றுக்கு ஒரு சில பூனைகளுக்குத்தான். பாதிக்கு மேல், காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி. அதற்கடுத்து கல், அடைப்புச் சளி. வயதான பூனை, சர்க்கரை நோய் உள்ளது, கிட்னி கெட்டது என்றால் கதை வேறு, அங்கே தொற்று நிஜமாகவே வரும். அந்தக் காரணமில்லாத அழற்சி, மருந்தே கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஐந்து நாள் மாத்திரை கொடுத்தோம், சரியாகிவிட்டது என்று டாக்டரும் நம்புகிறார், நாமும் நம்புகிறோம். அடுத்த மாதம் திரும்பி வந்ததும் இன்னும் வீரியமான மாத்திரை. இந்தச் சுற்றை உடைக்க ஒரு கேள்வி போதும்: "கல்ச்சர் எடுத்தீங்களா டாக்டர்?" மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனைதான் கல்ச்சர். கல்ச்சருக்கு மூத்திரத்தை ட்ரேயிலிருந்து எடுக்கக் கூடாது, வயிற்று வழியாக ஊசி போட்டு நேராகப் பையிலிருந்து எடுக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் உள்ளே போவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஊசி என்றதும் பயமாக இருக்கும், ஆனால் பை நிறைந்திருந்தால் நிமிஷத்தில் முடிகிற வேலை, பெரும்பாலான பூனைகள் கத்துவதுகூட இல்லை.

அடுத்த தலைவலி லேப். தெருமுனை லேபில் "பூனை மூத்திரமா? அதெல்லாம் நாங்க தொடுறதில்ல சார்" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு சாயங்காலம்தான் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் கிரிஸ்டல் (உப்புப் படிகம்) மூன்று பிளஸ், அதாவது நிறைய. மூத்திரம் ஆறினாலே, அதுவும் ஃபிரிட்ஜில் இருந்தாலே, பையில் இல்லாத கிரிஸ்டல் எல்லாம் குப்பியில் உருவாகிவிடும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அதனால் சாம்பிள் கொடுக்கும்போது நேரத்தைக் குப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள், எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். "மதியம் ஆளு வருவாரு" என்றால் அங்கே கொடுக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது மூத்திரம் எவ்வளவு அடர்த்தி என்கிற எண். அது ரிஃப்ராக்டோமீட்டர் என்கிற கருவியில் பார்த்ததா என்று கேளுங்கள். மூத்திரத்தில் நனைத்து நிறம் பார்க்கிற ஸ்ட்ரிப்பில் வரும் கிராவிட்டி பூனைக்கு உதவாது. ஸ்ட்ரிப்பில் வெள்ளை அணுக் கட்டம் நிறம் மாறுவதும் பூனையில் பொய்யாக வரும், அதைக் காட்டி ஆன்டிபயாட்டிக் எழுதினால் சம்மதிக்காதீர்கள். ட்ரை ஃபுட் மட்டும் தின்னும் பூனைக்கு 1.050 சாதாரணமாகவே வரும். நமக்கு வேண்டியது 1.030-க்குக் கீழே. ஆக்சலேட் என்கிற கரையாத வகைக் கல் என்றால் 1.020 பக்கம் கொண்டுவரப் பார்ப்பார்கள்.

எக்ஸ்ரேயிலும் ஒரு வில்லங்கம். வயிற்றை மட்டும் எடுத்துவிட்டு "கல் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நுனியில் ஒரு மில்லிமீட்டரைவிடக் குறுகல், கல் மாட்டுவதே அங்கேதான். படத்தில் பின்னங்கால் இடுக்குவரை, வாலடிவரை தெரிய வேண்டும். எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள், எடுத்த பிறகு சொன்னால் இன்னொரு பில் வரும். படத்தின் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் திரையை மொபைலில் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பினால், வேறு டாக்டரிடம் காட்டும்போது கையை விரித்துவிடுவார்.

கல் கையில் கிடைத்தால் அது புதையல், விட்டுவிடாதீர்கள். ஃபார்மலினில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அந்தத் திரவம் ஸ்ட்ரூவைட் என்கிற கல் வகையை வேறு உப்பாக மாற்றிவிடும். கழுவி, உலர்த்தி, காய்ந்த டப்பாவில் போட்டு அனலிசிஸுக்கு அனுப்ப வேண்டும். மூத்திரத்தில் தெரிகிற கிரிஸ்டலும் உள்ளே இருக்கிற கல்லும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கல்லின் வகை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஸ்ட்ரூவைட் உணவிலேயே கரையும், சரியாகக் கொடுத்தால் சில வாரங்களில். கால்சியம் ஆக்சலேட் எதிலும் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். ஸ்ட்ரூவைட் காரத்தன்மையுள்ள மூத்திரத்தில் சேரும். இங்கேதான் நம் ஊர் மெடிக்கல் ஷாப் வைத்தியம் கெடுக்கிறது. மனுஷனுக்கு நீர்க்கடுப்பு வந்தால் கொடுக்கிற அந்த சிட்ரேட் சிரப் மூத்திரத்தைக் காரமாக்குவதற்காகவே செய்தது. ஸ்ட்ரூவைட் பூனைக்கு அதைக் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. "சூடு சார், வாழைத்தண்டு ஜூஸ் குடுங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நெருஞ்சிமுள் கஷாயம் சொல்வார்கள். பூனைக்கு இவை உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிரிஞ்சில் வாயில் திணிக்கும்போது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து மட்டும் உண்டு. கிரான்பெர்ரி மாத்திரையும் இதே ரகம்.

யூரினரி உணவு என்றால் டாக்டர் சீட்டில் எழுதுகிற வகை. ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ, ஹில்ஸ் சி/டி இரண்டும் இங்கே கிடைக்கின்றன. ஸ்டாக் இல்லாத கடையில் ‘யூரினரி கேர்’ என்று அச்சடித்த வேறு பாக்கெட்டை நீட்டி "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றில்லை. கல்லைக் கரைக்கிற அளவுக்குத் தாது உப்பும் பி.எச்சும் (அமில, கார அளவு) கட்டுப்படுத்தியது சீட்டு வகைதான். அதையும் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். காலையில் அந்த உணவு, மதியம் நெத்திலிக் கருவாடு என்றால் அந்த விலை வெறும் நஷ்டம். குட்டிக்கும் கிட்னி கெட்ட பூனைக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மூத்திரத்தை அமிலமாக்குகிற மாத்திரையை இந்த உணவோடு சேர்த்து எழுதினால் ஏன் என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் அமிலமாகலாம், ஆக்சலேட் கல்லுக்கும் வழி திறக்கும். மாற்றும்போது பழைய உணவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் முழுசாக மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பழக்க நினைக்காதீர்கள், குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் ஈரல் கெடும்.

ஆனால் எந்த வகையாக இருந்தாலும் வேலை செய்வது தண்ணீர். கணக்கைப் பாருங்கள். 4 கிலோ பூனைக்கு உணவிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் சேர்த்து நாளைக்குச் சுமார் 200 மி.லி. தண்ணீர் வேண்டும். 60 கிராம் ட்ரை ஃபுட்டில் இருப்பது 6 மி.லி. மிச்சம் முழுவதையும் அது குடித்து ஈடுகட்டாது, பாலைவனத்து வம்சம். 80 கிராம் ஈர உணவுப் பவுச்சில் சுமார் 64 மி.லி. தண்ணீர் இருக்கிறது, மூன்று பவுச் கொடுத்தால் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். மூன்றும் கட்டுப்படியாகாது என்றால் ஒன்றாவது கொடுத்து, அதில் இரண்டு மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலக்குங்கள். ஒரே நாளில் சாம்பார் பதத்துக்குக் கொண்டுபோனால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். முதல் வாரம் ஒரு ஸ்பூன், பிறகு ஏற்றலாம். கோழி அல்லது மீன் வேகவைத்த தண்ணீரை ஐஸ் ட்ரேயில் உறைய வைத்துத் தினமும் ஒன்று கரைத்து வைத்தால் நன்றாகக் குடிக்கும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக் கூடாது. குழம்புக்கு வேகவைத்ததிலிருந்து எடுத்தால் வெங்காயம் வந்துவிடும், அது பூனைக்கு விஷம், தனியாகத்தான் வேகவைக்க வேண்டும். கிண்ணம் மீசை இடிக்காத அகலத்தில், சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் ட்ரேயிலிருந்தும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில். ஃபவுன்டன் சில பூனைக்குப் பிடிக்கும், சிலது திரும்பியே பார்க்காது. பிடித்தாலும் அடியில் வழவழப்பு சேரும், வாரத்துக்கு ஒரு தடவை பம்பைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

ட்ரே, பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக. இரண்டை ஒட்டி ஒட்டி வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான். கடையில் விற்கிற ட்ரே பெரும்பாலும் சின்னது, மூக்கிலிருந்து வாலடிவரை அளந்து அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். பிளாஸ்டிக் சாமான் கடையில் துணி வைக்கிற பெரிய டப்பாவை வாங்கி ஒரு பக்கத்தை அறுத்துவிட்டால் மலிவாக முடிந்தது. வாசனை இல்லாத கட்டி பிடிக்கிற மண், ஐந்து சென்டிமீட்டர் ஆழம். கட்டி பிடிக்கிற மண்ணின் பெரிய லாபம், அதுவே ரிப்போர்ட். தினமும் அள்ளும்போது எத்தனை கட்டி, எவ்வளவு பெரிசு என்று காலண்டரில் எழுதுங்கள். இரண்டு முதல் நான்கு நல்ல உருண்டை இருந்தால் நிம்மதி. கோலிகுண்டு அளவில் ஏழெட்டு வந்தால் ரத்தம் தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ட்ரே வைத்திருந்தால் மாற்றுங்கள், ஸ்பின் சத்தத்தில் பாதியில் எழுந்து ஓடிய பூனை அப்புறம் அடக்க ஆரம்பிக்கும்.

டாக்டர்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகிற விஷயம் மன அழுத்தம். காரணமில்லாத அழற்சிக்குப் பயமும் பதற்றமும் நேரடிக் காரணிகள். ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்கிற கால்நடை மருத்துவர் பல வருஷம் இதில் வேலை செய்து, வீட்டுச் சூழலை மாற்றினாலே அறிகுறிகள் குறைவதைக் காட்டினார். நம் ஊரில் இதற்குப் பெயர் தீபாவளி. வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஊரிலிருந்து விருந்தாளி வருவதும் ஜன்னலில் தெருப்பூனை வந்து உட்காருவதும் அடுத்த இடத்தில். வெடிச் சத்தம் ஆரம்பிக்கும் முன்பே உள்ளறையில் ட்ரே, தண்ணீர், ஒளிய ஒரு அட்டைப்பெட்டி வைத்துக் கதவைச் சாத்துங்கள். முந்தின பண்டிகையில் ரொம்ப மிரண்ட பூனை என்றால் பதற்றத்தைத் தணிக்கிற காபாபென்டின் மருந்து பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், மனுஷ சிரப்பை ஊற்றாதீர்கள். தெருப்பூனை தெரிகிற ஜன்னலின் கீழ்ப்பாதியில் பேப்பர் ஒட்டினாலே பாதித் தொந்தரவு தீரும்.

அடைப்பை நீக்க மூத்திரக் குழாயில் செருகிய மெல்லிய குழாயை, அதாவது கத்தீட்டரை, எடுத்த முதல் வாரம்தான் திரும்ப அடைக்கும் ஆபத்து அதிகம். வலி மருந்து இல்லாமல் டிஸ்சார்ஜ் செய்தால் கேட்டு வாங்குங்கள், வலியிலேயே குழாய் இறுகும். குழாயைத் தளர்த்துவதற்கென்று பிரசோசின் மாத்திரை வழக்கமாக எழுதுவார்கள், திரும்ப அடைப்பதை அது குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பல தடவை அடைத்தால் குறுகிய நுனியை நீக்குகிற பி.யு. ஆபரேஷன் சொல்வார்கள். அது அடைப்பைத் தடுக்கும், அழற்சியைத் தடுக்காது, கிருமித் தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டும். உணவு, தண்ணீர், ட்ரே எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் அடைத்தால் மட்டும் அந்தப் பேச்சு.

ஸ்ட்ரூவைட்டுக்கு உணவு ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்தில் மூத்திரமும் எக்ஸ்ரேயும் திரும்பப் பார்க்க வேண்டும், கல் கொஞ்சமும் சின்னதாகவில்லை என்றால் அது ஸ்ட்ரூவைட் இல்லை என்று அர்த்தம், அல்லது வீட்டில் யாரோ திருட்டுத்தனமாக மீன் போடுகிறார்கள். நன்றாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மூத்திரம் மட்டும் போதும். கூடவே உங்கள் ஏரியாவில் ராத்திரி கத்தீட்டர் போடுகிற இடம் எது என்று இப்போதே போன் செய்து கேட்டுவையுங்கள். "24 மணி நேரம்" என்று போர்டு இருக்கும், ராத்திரி பதினொன்றுக்குப் போனால் கம்பவுண்டர் மட்டும் இருப்பார். கேட்க வேண்டிய கேள்வி, "ராத்திரி ஆண் பூனைக்குக் கத்தீட்டர் போடுற டாக்டர் இருப்பாரா, பொட்டாசியம் அங்கேயே பார்ப்பீங்களா?"